கால் நோ: பெயர் வைக்கப்படாத ஒரு வருத்தத்தோடு வாழ்தல்



கடந்த மாதம் எமது வானொலியில் கால் நோவைப் பற்றி நான் பேசிய பின்னர் நிலையத்துக்கு வந்த அழைப்புகளில் அநேகமானவை ஒரே கேள்வியைத்தான் கேட்டன. "எல்லா ரெஸ்ரும் செய்தாச்சு, ஒண்டும் இல்லையெண்டு சொல்லுகினம். அப்ப ஏன் இன்னும் நோகுது?" உரையில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதித் தருகிறேன். நான் வைத்தியர் அல்ல. லண்டனிலே எம்மவர்களுக்காக வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளராகப் பல வருடங்கள் வேலை செய்தவன். அத்தோடு, இரண்டு உள்ளங்காலிலும் எரிவோடு ஐந்து வருடங்களாக அலைகிறவன். என்னுடைய வருத்தத்துக்கும் இதுவரை ஒருவரும் பெயர் வைக்கவில்லை. ஆகவே இரண்டு பக்கக் கதிரையிலும் இருந்து பார்த்த அனுபவத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பாஷையில் "கால்" என்றால் இடுப்புக்குக் கீழே பெருவிரல் நுனி வரைக்கும் எல்லாம் கால்தான். ஆங்கிலத்தில் அப்படியல்ல. துடையும் கெண்டைக்காலும் சேர்ந்தது ஒரு சொல், கணுக்காலுக்குக் கீழே பாதம் வேறொரு சொல். "அம்மாவுக்குக் கால் நோகுதாம்" என்று பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்த்தால், உள்ளங்கால் எரிகிற தாயின் முழங்காலைத்தான் டொக்டர் அமத்திப் பார்ப்பார். இதை நான் ஒரு தடவையல்ல, பல தடவை கண்டிருக்கிறேன்.

"விறைப்பு" இன்னும் மோசம். யாழ்ப்பாணத்து ஆள் "கால் விறைக்குது" என்றால் உணர்ச்சி குறைந்து மரத்துப் போகிறது என்று அர்த்தம். தொலைபேசியில் மொழிபெயர்க்க வருகிறவர் தமிழ்நாட்டுக்காரராக இருந்தால், விறைப்பு என்றதும் மூட்டு மடக்க முடியாத இறுக்கம் என்று விளங்கிக்கொண்டு அப்படியே சொல்லிவிடுவார். முதலாவது நரம்பைக் காட்டுகிற அறிகுறி. இரண்டாவது மூட்டையும் தசையையும் காட்டுகிறது. ஒரு சொல் மாறியதால் ஆறு மாதம் பிசியோதெரப்பிக்கு அலைந்து, பிறகுதான் இரத்தப் பரிசோதனைக்குப் போனவர்கள் உண்டு. எங்களுடைய "உளைவு" என்ற சொல்லுக்கோ ஆங்கிலத்தில் நேரான சொல்லே இல்லை.

ஆகவே நோவுக்குப் பெயர் தேடுவதை விட, அது எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். மிளகாய்த்தூள் பூசினது போல எரிகிறதா? கறண்ட் அடிக்கிறது போல நாரியிலிருந்து கீழே ஓடுகிறதா? எறும்பு ஊர்கிறதா? வெறுந்தரையில் நடந்தாலும் பஞ்சில் மிதிப்பது போலத் தெரிகிறதா? போர்வை பட்டாலே நோகிறதா? இப்படிப்பட்ட எரிவு, ஊர்தல், மின்சார வெட்டு எல்லாம் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம் என்று வைத்தியரை யோசிக்க வைக்கும். எந்த இடம் என்பதை விரலால் தொட்டுக் காட்டுங்கள், சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றிக் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போக வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சலம் போவதில் பிரச்சினை இருக்கிறதா, ஊரில் அடி ஏதும் பட்டதா என்று டொக்டர் கேட்டால் பிள்ளையின் வாயால் எப்படிப் பதில் சொல்வீர்கள்? ஜீ.பி.யிடம் போகிற தவணைக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது இங்கிலாந்தில் உங்களுடைய உரிமை, அதற்குக் காசு இல்லை. குடும்பத்தாரையும் பிள்ளைகளையும் நம்பியிருக்கக் கூடாது என்று என்.எச்.எஸ். இங்கிலாந்தே 2018 இல் வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது. தவணை எடுக்கும்போதே "தமிழ்" என்று மட்டும் சொல்லாமல் "இலங்கைத் தமிழ்" என்று கேளுங்கள். கிடைக்காமல் போகலாம், ஆனால் கேட்டு வைப்பது நல்லது. இரட்டைத் தவணை கேட்கவும் மறக்காதீர்கள். பத்து நிமிடத்தில் இரண்டு பாஷை பேசி முடியாது.

இனி, எல்லாப் பரிசோதனையும் சரியாக வந்தும் ஏன் நோகிறது என்ற கேள்விக்கு வருவோம்.

நாரியிலிருந்து பெருவிரல் வரை போகிற நரம்புகள்தான் உடம்பிலேயே நீளமானவை. வளர்ந்த ஆளுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம். நீளமான கம்பியில்தான் முதலில் பழுது தெரியும் என்பதால், உடம்பு முழுவதையும் பாதிக்கிற நரம்பு வருத்தங்கள் பெரும்பாலும் கால் விரல்களிலேயே தொடங்கி, சொக்ஸ் போட்டது போல மேலே ஏறுகின்றன. ஒரு நரம்புக் கட்டுக்குள்ளே தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் இருக்கின்றன. தடித்தவை தசையை அசைக்கவும், தொடுகையையும் அதிர்வையும் உணரவும் உதவுகின்றன. சூடு, குளிர், நோ ஆகியவற்றைக் கொண்டு போகிறவை மெல்லியவை. காலில் சிறு சிறு மின் அதிர்ச்சி கொடுத்துச் செய்கிற நரம்புக் கடத்தல் பரிசோதனை தடித்த இழைகளைத்தான் அளக்கிறது. மெல்லிய இழைகள் மட்டும் பழுதுபட்டிருந்தால் அந்தப் பரிசோதனை "சரி" என்றுதான் வரும். அந்த முடிவைப் பார்த்துவிட்டு உங்களுக்கு நோவே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. மெல்லிய இழைகளைப் பார்க்க வேண்டுமானால் சூடு, குளிர் உணர்வை அளக்கும் பரிசோதனை செய்வார்கள், அல்லது கணுக்காலுக்குச் சற்று மேலே மூன்று மில்லிமீற்றர் அளவில் தோலை எடுத்து உருப்பெருக்கியில் இழைகளை எண்ணுவார்கள். இது எல்லா வைத்தியசாலையிலும் செய்யப்படுவதில்லை. நரம்பியல் நிபுணரிடம் போன பிறகு, "மெல்லிய நரம்பு இழைகளைப் பற்றிப் பார்த்தீர்களா?" என்று மரியாதையாகக் கேட்பதில் பிழையில்லை.

ஸ்கானைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதுகை எம்.ஆர்.ஐ. எடுத்தால் "டிஸ்க் தேய்ந்திருக்கிறது" என்று வரும். உடனே எம்மவர் அதைத்தான் வருத்தம் என்று பிடித்துக்கொள்கிறார்கள். முதுகு நோவே இல்லாதவர்களின் ஸ்கான்களைத் தொகுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2015 இல் வெளிவந்தது. இருபது வயதுக்காரரில் 37 சதவீதமானோருக்கும் எண்பது வயதுக்காரரில் 96 சதவீதமானோருக்கும் டிஸ்க் தேய்வு இருந்தது. தலைமயிர் நரைப்பது போலத்தான் இதுவும். ஸ்கானில் கண்டதும் உங்கள் நோ இருக்கிற இடமும் பொருந்துகிறதா என்று வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் "பெயர் இல்லை" என்று சொல்வதற்கு முன்பு தேட வேண்டியவை சில உண்டு. இவை எங்கள் ஆட்களிடம் அதிகம், சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே அகப்படும்.

முதலாவது சலரோகம். தெற்காசியருக்கு அது இளவயதிலேயே, மெலிந்த உடம்பிலும் வருகிறது. எச்.பி.ஏ.1சி என்ற பரிசோதனையில் 48 அல்லது அதற்கு மேல் வந்தால் சலரோகம், 42 முதல் 47 வரை அதன் வாசற்படி. வாசற்படியில் நிற்கும்போதே கால் எரியத் தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள். சலரோகக்காரருக்கு வருடத்துக்கு ஒரு தடவை பாதம் பார்ப்பார்கள். மெல்லிய நைலோன் நூலால் பாதத்தைத் தொட்டு "தெரிகிறதா?" என்று கேட்கும்போது, நேர்ஸைச் சந்தோஷப்படுத்த "ஓம், ஓம்" என்று தலையாட்டுகிறவர்களை நான் எத்தனை பேரைக் கண்டிருப்பேன்! கண்ணை மூடிக்கொண்டு உள்ளதைச் சொல்லுங்கள். மாரிகாலத்தில் ஹீற்றருக்குக் கிட்டக் காலை நீட்டிக்கொண்டு நித்திரையாவதும், மரத்த காலுக்குச் சுடுதண்ணிப் போத்தல் வைப்பதும் பெரிய ஆபத்து. காலையில் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டது தெரியவரும்.

இரண்டாவது விற்றமின் பி12. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் மட்டுமே இது இயற்கையாகப் போதிய அளவில் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும், முட்டை பாலைக் கூட ஒதுக்குகிறவர்களுக்கும் குறையலாம். சலரோகத்துக்காக எடுக்கிற மெற்போர்மின் குளிசையும் பி12 ஐக் குறைக்கும். அது அபூர்வமானது அல்ல, அடிக்கடி நடப்பதுதான் என்று பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022 ஜூனில் அறிவித்தது. ஆகவே மெற்போர்மின் எடுக்கிறவர் காலில் விறைப்பு வந்தால் சலரோகம்தான் காரணம் என்று முடிவுகட்டாமல் பி12 பார்க்கும்படி கேட்க வேண்டும். முடிவு எல்லைக்கோட்டில் வந்தால் இன்னொரு பரிசோதனையும் செய்யலாம் என்று நைஸ் அமைப்பின் 2024 வழிகாட்டல் சொல்கிறது. பி12 குறைவை நெடுங்காலம் விட்டால் நரம்புப் பழுது திரும்பாமலே போகலாம்.

இங்கே ஒரு முரண். கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ யாராவது வந்தால் "நரம்புக் குளிசை" கொண்டு வரச் சொல்வது எங்கள் வழக்கம். அவற்றில் பி12 உடன் பி6 உம் சேர்ந்திருக்கும். பி6 ஐ அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் அதுவே கால் கை நரம்புகளைப் பழுதாக்கும். வைத்தியர் சொல்லாமல் ஒரு நாளைக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்பது என்.எச்.எஸ். ஆலோசனை. பெட்டியைத் திருப்பி அளவைப் பாருங்கள். சில நாட்டு மருந்துகளில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டதும் உண்மை, ஈயமும் நரம்புக்கு விஷம். எடுக்கிற சூரணத்தையும் லேகியத்தையும் டொக்டருக்கு மறைக்காதீர்கள்.

இளையவர்களுக்கும் ஒன்று. பலூனில் நிரப்பி இழுக்கிற சிரிப்பு வாயு உடம்பிலுள்ள பி12 ஐச் செயலிழக்கச் செய்து கால்களை மரக்கச் செய்கிறது. நடக்கத் தடுமாறி லண்டன் வைத்தியசாலைகளுக்கு வந்த இளைஞர்கள் பலர். 2023 நவம்பரில் இருந்து அது சட்டவிரோதம். என்றாலும் பிள்ளை கால் விறைக்குது என்றால் ஏசுவதற்கு முன் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள், அங்கே உண்மையைச் சொல்ல விடுங்கள்.

விற்றமின் டி குறைந்தால் எலும்பும் தசையும் உளையும், துடையில் பலம் குறையும். கறுத்த தோலுக்கு இந்த நாட்டு வெயில் காணாது, எங்களுக்கு வருடம் முழுவதும் பத்து மைக்ரோகிராம் எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். இருட்டினால் காலை ஆட்டாமல் இருக்க முடியாத அந்தரம் வேறு வகை, அதற்கு இரும்புச் சத்தைப் பார்க்க வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுகிறதென்றால் இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம், புகைக்கிறவர்கள் கவனம். நின்றாலும் விடாமல், குந்தினால் அல்லது கடைத் தள்ளுவண்டியில் சாய்ந்து நடந்தால் மட்டும் சுகமென்றால் முதுகுத் தண்டின் வழி ஒடுங்கியிருக்கலாம். இரண்டும் "நடந்தால் நோகுது" தான். எப்படி விடுகிறது என்று சொன்னால்தான் வித்தியாசம் தெரியும்.

அடுத்து எழுதப் போவதை வானொலியில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்களில் பலருடைய கால்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஷெல் துண்டு இன்னும் துடைக்குள் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒரு பெரிய காந்தம். ஸ்கானுக்கு முன் தருகிற படிவத்தில் "உடம்பில் உலோகம் உண்டா?" என்ற கேள்விக்கு, எதற்கு வீண் கதை என்று "இல்லை" போட்டுவிடுகிறார்கள். சின்னத் துண்டு என்றாலும், கண்ணுக்குக் கிட்ட என்றால் கட்டாயமாகவும், சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள்.

மற்றது உள்ளங்காலில் அடித்தல். உலகம் முழுவதும் சித்திரவதை செய்கிறவர்கள் இதைச் செய்கிறார்கள், ஏனென்றால் வெளியே அடையாளம் தங்காது. 1999 இல் தயாரிக்கப்பட்டு ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட இஸ்தான்புல் நெறிமுறை, சித்திரவதையை வைத்தியர்கள் எப்படிப் பரிசோதித்து ஆவணப்படுத்த வேண்டும் என்பதற்கான கைநூல். அதில் இந்த அடிக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. குதிக்காலின் அடியில் மெத்தை போல இருக்கிற கொழுப்பும், பாதத்தைத் தாங்குகிற தடித்த சவ்வும் இதனால் சிதையலாம். காயம் ஆறி, எக்ஸ்ரே சரியாக வந்து, வருடங்கள் போன பின்னும் நடக்க நடக்க நோகலாம், எரியலாம்.

என்னிடம் வைத்தியர்கள் நாலு பேர், "முன்பு காலில் அடி ஏதும் பட்டதா?" என்று கேட்டிருக்கிறார்கள். நாலு பேருக்கும் "இல்லை" என்றுதான் சொன்னேன். 1997 இல் மூன்று நாள் ஒரு முகாமில் இருந்தேன். மற்றவர்களுடைய கதையை அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து ஆங்கிலத்தில் எத்தனையோ தரம் சொன்ன வாயால், என்னுடையதைச் சொல்ல முடியவில்லை. அதுதான் காரணம் என்று நான் இப்போதும் சொல்லவில்லை, எனக்கும் பி12 குறைவாகத்தான் இருந்தது, ஊசி போட்டும் எரிவு முழுதாக நிற்கவில்லை. ஆனால் பாதித் தகவலை வைத்துக்கொண்டு தேடியவர்களைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன மாசி மாதம் ஐந்தாவது வைத்தியருக்குச் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டுக் கதிரையைத் திருப்பி, முதற்தடவையாக என் உள்ளங்காலைக் கையால் அமத்திப் பார்த்தார்.

இப்படிச் சொல்வதால் உங்கள் குடியுரிமைக்கோ விசாவுக்கோ கேடு வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு: ஜீ.பி.யைப் பார்ப்பது இங்கிலாந்தில் எல்லோருக்கும் இலவசம், விசா நிலையைக் காட்டிப் பதிய மறுக்க முடியாது. சித்திரவதையால் வந்த உடல், மன வருத்தங்களுக்கான சிகிச்சைக்கு, அதற்காகவே இந்த நாட்டுக்கு வந்தவராக இல்லாவிட்டால், வைத்தியசாலையிலும் கட்டணம் அறவிடக் கூடாது. லண்டனில் 1985 இல் ஹெலன் பாம்பர் தொடக்கிய நிறுவனம் இப்போது "ஃபிரீடம் ஃபுறொம் ரோர்ச்சர்" என்ற பெயரில் இயங்குகிறது. இலங்கையில் 2009 மே மாதத்துக்குப் பிறகு நடந்த சித்திரவதைகளைப் பற்றி 2015 இல் விரிவான அறிக்கை வெளியிட்டவர்கள் அவர்கள். எங்கள் கதை அவர்களுக்குப் புதிதல்ல. ஜீ.பி. மூலம் அங்கே அனுப்பும்படி கேட்கலாம்.

மருந்துக்கு வருவோம். நரம்பு நோவுக்குப் பரசிட்டமோலும் புருஃபனும் பெரிதாகக் கேட்காது. அமிற்றிப்ரிலின், டுலொக்சிற்றின், கபபென்ரின், பிரிகபலின் என்ற நாலில் ஒன்றைத்தான் வழக்கமாகத் தொடங்குவார்கள். முதல் இரண்டும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்துகள். பெட்டிக்குள் இருக்கிற தாளை மகள் வாசித்துவிட்டு, "அம்மாக்கு விசர் மருந்து தந்திட்டாங்கள்" என்று கோபித்துக் குப்பையில் போட்ட வீடுகள் உண்டு. நோவுக்குக் கொடுக்கும்போது மிகக் குறைந்த அளவில், அமிற்றிப்ரிலின் என்றால் இரவில் பத்து மில்லிகிராமில் தொடங்குவார்கள். அது நரம்புச் சத்தத்தைக் குறைப்பதற்காக. சில கிழமைகள் பொறுக்க வேண்டும், நோ முழுதாகப் போகாமல் பாதியாகக் குறைந்தாலே வெற்றி என்று எடுக்க வேண்டும். மினிகாப் ஓடுகிறவர்கள் நித்திரைத் தூக்கத்தைக் கவனிக்கவும். கபபென்ரினும் பிரிகபலினும் 2019 ஏப்ரலில் இருந்து கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கால் நோ என்று நாலு குளிசை கொடுப்பது குற்றம். திடீரென்று நிறுத்தவும் கூடாது. நாரியிலிருந்து ஓடுகிற சியாற்றிக்கா நோவுக்கு இந்த இரண்டையும் கொடுக்க வேண்டாம் என்று நைஸ் 2020 இல் சொல்லிவிட்டது. எரிகிற இடம் சின்னதென்றால் மிளகாயிலிருந்து எடுக்கிற கப்சேசின் களிம்பும் உண்டு. பூசினால் முதலில் இன்னும் எரியும், சமைக்கிற கையைக் கண்ணில் வைப்பது போல.

நாளாந்தம் எப்படிச் சமாளிப்பது என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். நோக் குறைந்த நாளில் வீடு முழுக்கக் கழுவிவிட்டு மூன்று நாள் படுப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவு நடப்பதுதான் நரம்புக்குப் பிடிக்கிறது. நான் பஸ் தரிப்பிடங்களை எண்ணி நடக்கிறேன். முதலில் ஒன்று, இப்போது மூன்று.

கடையில் ரில்லில் எட்டு மணித்தியாலம் நிற்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருங்கள். 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, வருத்தத்துக்குப் பெயர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வேலைகளைக் கணிசமாகப் பாதித்தால் போதும், நியாயமான மாற்றங்களை முதலாளி செய்து தர வேண்டும். ரில்லுக்குப் பின்னால் ஒரு உயரமான கதிரை கேட்பது பெரிய சலுகை அல்ல. முதலாளி எங்கள் ஊர்க்காரர், எப்படிக் கேட்பது என்றால், எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக இதை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். மலசலம் போகிற இடத்தைச் சுற்றி விறைத்தால், சலம் வருவது தெரியாமல் போனால் அல்லது கட்டினால், இரண்டு காலும் திடீரெனப் பலம் இழந்தால், விறைப்பு மணித்தியாலக் கணக்கில் மேலே ஏறினால், ஒரு கால் திடீரெனக் குளிர்ந்து வெளிறினால் ஜீ.பி.க்குக் காத்திருக்காமல் 999 அல்லது அவசர சிகிச்சைப் பிரிவு. கொழும்புப் பயணம் போன்ற நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சுட்டு நொந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும், மூச்சு வாங்கினால் அதுவும் 999. சலரோகக்காரர் பாதத்தில் புண் கண்டால் அடுத்த நாளுக்கு விட வேண்டாம்.

எனக்குத் தோல் எடுத்துப் பார்க்கத் தவணை வந்திருக்கிறது. முடிவு என்ன வந்தாலும் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.